ஒத்தை மாடு

புதன்கிழமை காலையில் பொன்னாத்தாள் ஓடைக்காட்டுக்குப் போனபோது மேல்வரப்பில் முளைகள் அடித்திருந்தன. முந்தின நாள் சாயங்காலம் அவை இல்லை.

ஏழு மரமுளைகள். முழங்கால் உயரம். தலையில் சுண்ணாம்பு. மேட்டிலிருந்து வரிசையாக இறங்கி, அவர்கள் காட்டை ஒட்டி, பெரிய வீட்டுக் கரட்டுக்காட்டைத் தாண்டிப் போயின. கடைசி முளையருகே ஒருவன் இரும்புச் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டிருந்தான். வெளியூர்க்காரன். அவளைப் பார்த்ததும் குடிக்கத் தண்ணீர் கேட்டான். கலயத்தில் இருந்த நீத்தண்ணியை அவன் கையில் ஊற்றினாள்.

"என்ன முளைய்யா இது? ரோட்டுக்கா?"

"வாய்க்காலுக்கு ஆத்தா."

அவள் ஓடையைப் பார்த்தாள். போன ஐப்பசியிலிருந்து அதில் மணல்தான் கிடந்தது. "எந்தத் தண்ணிக்கு வாய்க்கா?"

அவன் வாயைத் துடைத்துக்கொண்டு மேற்கே மலையைக் காட்டினான். "மேலருந்து எறக்குறாகல்ல, அந்தத் தண்ணிக்கு. முளைக்குக் கீழ கெடக்குறது நனையும். மேல கெடக்குறது காயும். எனக்கு அம்புட்டுத்தான் தெரியும்."

சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அவர்கள் காடு இரண்டு குறுக்கம். முழுவதும் முளைகளுக்குக் கீழே கிடந்தது.

பொன்னாத்தாள் வந்த வேலையை மறந்து வரப்பிலேயே நின்றாள். கீழே இன்னும் ஐந்து காடுகள் தெரிந்தன. ஐந்திலும் கீழ்வரப்பில் மூன்று கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன.

அந்தப் பக்கத்துப் புஞ்சைக்காரர்களுக்கு அப்படி ஒரு வழக்கம். மழை பொய்த்த வருஷம் ராஜினாமா எழுதிக் கொடுத்துக் காட்டைச் சர்க்காரிடமே விட்டுவிடுவார்கள். விளையாத காட்டுக்குத் தீர்வை கட்ட வேண்டியதில்லை. மழை பெய்த வருஷம் தர்க்காஸ்து எழுதிக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். விட்டவன் கீழ்வரப்பில் மூன்று கல் அடுக்கிவைப்பான். கல் நிற்கும்வரை அந்தக் காட்டில் இன்னொருவன் ஏர் பூட்டமாட்டான். சர்க்கார் ஏட்டில் அந்தக் கல்லுக்கு இடம் கிடையாது. இத்தனை காலம் ஊருக்கு அந்தக் கல்லே போதுமாக இருந்தது. ஓடைக்காட்டை அவளுடைய மாமனார் இரண்டு தடவை விட்டு இரண்டு தடவை வாங்கியிருக்கிறார். புருஷன் சுருளிவேல் ஒரு தடவை.

இந்த வருஷம் இன்னும் விடவில்லை. அவன் காய்ச்சலில் கிடந்தான்.

வீடு திரும்பும் வழியில் கிணற்றடியில் பக்கத்து வீட்டு ராமுத்தாய் வாளியை இறக்கிக்கொண்டிருந்தாள். கயிறு முழுவதும் உள்ளே போயும் வாளி நனையும் சத்தம் கேட்கவில்லை.

"சேதி தெரியுமா பொன்னாத்தா? பெரிய வீட்டுல இந்த வருசம் ஒரு காட்டையும் விடலையாம். கரட்டுக்காட்டக்கூட."

"அதுல எருக்கே மொளைக்காதே."

"அதாஞ் சொல்றேன். காசு கூடிப்போச்சு போல. சர்க்காருக்கு அள்ளிக் குடுத்து வெளாடுறாக."

ராமுத்தாய் சிரித்தாள். பொன்னாத்தாள் சிரிக்கவில்லை. பெரிய வீட்டு முத்துக்கருப்பன் ஒரு சோளத்தட்டையைக்கூட வீணாகப் போடுகிற ஆள் இல்லை.

வீட்டில் சுருளிவேல் மூன்று சாக்குகளுக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருந்தான். எட்டு மாதம் மலைமேல் அணைக்கட்டில் கல் சுமந்தவன். பங்குனியில் அங்கே காய்ச்சல் காலம் வந்து வேலையை நிறுத்தி ஆட்களை இறக்கிவிட்டார்கள். மற்றவர்கள் துணி, பாத்திரம் என்று ஏதோ கொண்டுவந்தார்கள். அவன் கொண்டுவந்தது முறைக்காய்ச்சலும், அங்கே வைத்தியசாலையில் கொடுத்த கசப்புத் தூளும். காய்ச்சல் ஒருநாள் விட்டு ஒருநாள், வெயில் உச்சிக்கு ஏறும்போது வரும். பொழுது சாய வேர்வை கொட்டி இறங்கும். தூளில் ஒரு பொட்டலம்தான் மிச்சம்.

சாக்கை இழுத்து மூடும்போது அவன் வலதுகையைப் பார்த்தாள். இரண்டு விரல்களில் மை.

காய்ச்சல் இறங்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவன் கண்ணைத் திறந்ததும் கேட்டாள்.

"யாரு வந்தா?"

"தலையாரி. கடுதாசி கொண்டாந்தாரு. கீறல் போட்டுக் குடுத்தேன்."

"என்னயக் கேக்காமயா?"

"இதுல கேக்க என்னடி இருக்கு? எப்பவும் செய்யறதுதான. பழைய தீர்வைப் பாக்கியக்கூடப் பெரிய வீட்டு ஐயா கட்டிர்றேன்னுட்டாராம்."

"நம்ம விட்ட காட்டுக்கு அவரு எதுக்குக் கட்டணும்?"

சுருளிவேல் கூரையைப் பார்த்தான். அதை அவன் யோசித்திருக்கவில்லை.

அவள் எழுந்து கணக்கப்பிள்ளை வீட்டுக்குப் போனாள்.

கணக்கப்பிள்ளை வாசலில் உட்கார்ந்து காகிதக் கட்டைச் சிவப்புத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். தலையாரி ஒச்சாண்டி ஓரமாகக் கம்போடு நின்றார். பொன்னாத்தாள் எட்டி நின்றே பேசினாள்.

"சாமி, எங்க ஓடைக்காட்டுக் கடுதாசியத் திருப்பித் தரணும்."

"பட்டா யாரு பேர்ல இருக்கு?"

"அவுக பேர்ல."

"அப்ப அவன் வந்து பேசட்டும்."

"காய்ச்சல்ல போட்ட கீறலுங்க சாமி. அவுகளுக்கு நெனவில்ல."

"நெனவில்லாதவன் போட்டதா இது?" காகிதக் கட்டின்மேல் தட்டினார். "என் கையெழுத்தவிட நேரா இருக்கு. போ. மழ பேஞ்சா தர்க்காஸ்து குடுங்க. எப்பவும் நாந்தான எழுதித் தாரேன்?"

"அதுக்குள்ள வேற ஒருத்தரு குடுத்துட்டா?"

அவர் கை நின்றது. முதல் தடவையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"முளையப் பாத்தியா?"

அவர் முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்கினார். "கட்டு நாளைக்கு உத்தமபாளையம் போகுது. வெள்ளிக்கிழம ஜமாபந்தி. போயி அவனுக்குக் கஞ்சி காச்சிக் குடு."

தெருமுனையில் ஒச்சாண்டி பின்னாலேயே வந்து சேர்ந்தார். அவளைப் பார்க்காமல், தெருவைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஆத்தா, வெள்ளிக்கிழம பேரக் கூப்புடுவாக. ஆளே நின்னு 'நான் விடல'ன்னு வாயால சொல்லிப்புட்டா அந்தக் கடுதாசிக்கு உசிரில்ல. ஆளு வரலைன்னா கீறல்தான் பேசும்."

"இத எதுக்குண்ணே என்கிட்டச் சொல்றீக?"

"கடுதாசிய நான்தான கொண்டாந்தேன். அவன் கிடுகிடுன்னு ஆடிக்கிட்டுப் போட்டான். கையப் புடிச்சது நான்." கம்பை மற்றக் கைக்கு மாற்றினார். "நான் சொன்னேன்னு சொல்லிராத. என் வீட்டு உலை பெரிய வீட்டு அரிசியில கொதிக்குது."

"விடலைன்னா பாக்கிக்கு ஜப்தி வருமே."

"வரும். நான்தான் வருவேன்."

"மாட்டப் புடிப்பீகளா?"

"உழவு மாட்டத் தொடக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. பான சட்டியத்தான் எடுக்கணும். ஒங்க வீட்டுப் பானைய வச்சு சர்க்காரு என்னத்தப் பொங்கப் போகுது?"

வியாழக்கிழமை காய்ச்சல் இல்லாத நாள். சுருளிவேல் சுவரில் சாய்ந்து கேப்பைக் கஞ்சி குடித்தான். வெளியே மகள் மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தாள். கட்டுத்தறியில் மயிலைக் காளை நின்றது. அதன் சோடி செவலை மாசியில் தீவனம் இல்லாமல் விழுந்து எழவில்லை. மயிலையின் விலா எலும்பை எண்ணலாம்.

பொன்னாத்தாள் முளையைப் பற்றிச் சொன்னாள். சங்கிலிக்காரன் சொன்னதைச் சொன்னாள். அவன் கலயத்தைக் கீழே வைத்தான்.

"தண்ணியாவது வாறதாவது. நான் அங்கன இருந்தவன்டி."

"இருந்தவருக்குத்தான தெரியணும்?"

"தெரிஞ்சுதான் சொல்றேன். மலைக்கு அந்தப் பக்கம் ஓடுற ஆறு. அத மறிச்சு, மலையக் கொடஞ்சு, இந்தப் பக்கம் தள்ளணுமாம். ரெண்டு தடவ மறிச்சோம். ரெண்டாந்தடவ நான் வச்ச கல்லு, இந்தக் கையால வச்சது, மக்யா நாளு போயிப் பாத்தா அங்கன ஆறுதான் ஓடுது. கல்லு மட்டுமா போச்சு? பாற மேல படுத்திருந்த நாலு பேரும் போயிட்டாக. அந்த ஆறு நம்ம ஓடைக்காட்டுக்கு வருமா?"

"அப்ப தொரைமாரெல்லாம் கிறுக்கனுகளா?"

"தொரைக்கு என்ன? நின்னாலும் சம்பளம், ஒடைஞ்சாலும் சம்பளம்."

அவள் கலயத்தை எடுத்துக் கழுவினாள். கவிழ்த்து வைத்தாள். பிறகு சொன்னாள்:

"பெரிய வீட்டுல கரட்டுக்காட்ட விடல."

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"முளை அதுக்கு மேல போகுது. முளைக்குக் கீழ கெடக்குற அஞ்சு காட்டுலயும் கல்லு அடுக்கியிருக்கு. நம்ம காடு ஆறாவது. நம்ம பாக்கிய அவரு கட்டுறாராம்."

சுருளிவேல் மாட்டைப் பார்த்தான். சங்கிலிக்காரனை அவன் நம்பவில்லை. துரைமாரை நம்பவில்லை. முத்துக்கருப்பன் காசு இறக்குகிறார் என்றால் அது வேறு விஷயம்.

"நான் மாட்டேன்னு சொன்னா, அடுத்த ஏருக்கு அவரு மாடு தரமாட்டாரு" என்றான்.

அதுதான் அவனுடைய பயம். ஒற்றை மாட்டால் உழ முடியாது. மாசிக்குப் பிறகு சித்திரைக் கோடையுழவுக்குப் பெரிய வீட்டு மாடு ஒன்றை மயிலையோடு பூட்டினான். அந்த ஒருநாள் மாட்டுக்குப் பெரிய வீட்டுக் காட்டில் நான்கு நாள் ஏரோட்ட வேண்டும். காய்ச்சல் இல்லாத நாட்களில் போய் ஓட்டினான். கோடை மழை பெய்த ஈரத்தில் முதல் நான்கு நாளும் அவர் காடு உழுதாயிற்று. ஐந்தாம் நாள் தன் காட்டில் கொழுவை இறக்கியபோது மண் காய்ந்து கட்டியாகப் பெயர்ந்தது. அப்படியாவது உழுதான். மாடு கொடுக்க ஊரில் வேறு யாரிடமும் மிச்சம் இல்லை.

"தராட்டிப் போகட்டும். வேற ஊர்ல கேப்போம். காடு போச்சுன்னா யாருட்டப் போயிக் கேக்குறது?"

"ஜப்திக்கு வந்தா?"

"உழவு மாட்டத் தொடக் கூடாதாம். சட்டமாம்."

"யாரு சொன்னா?"

"சொன்னாக."

அவன் மறுபடியும் மாட்டைப் பார்த்தான். உதட்டுக்குள் ஏதோ கணக்குப் போட்டான். "பான சட்டிதான?"

"பான சட்டிதான்."

"போனாப் போகுது" என்றான். உடனே விரல் விட்டு எண்ணினான். புதன். வெள்ளி. "அடியே, நாளைக்கு எனக்குக் காய்ச்சல் நாளு."

"உச்சிக்கு மேலதான வரும். அதுக்குள்ள கூப்புட்டுருவாக."

வெள்ளிக்கிழமை விடியும்போது கடைசிப் பொட்டலத்தைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தான். மகளை ராமுத்தாய் வீட்டில் விட்டார்கள். உத்தமபாளையம் ஆறு மைல். அவனால் ஒரு மைல் நடக்க முடியாது. சோடி இல்லாத மாட்டுக்கு வண்டி ஏது? மயிலையின் முதுகில் இரண்டு சாக்கை மடித்துப் போட்டு அவனைக் குப்புறச் சாய்த்து ஏற்றினாள். அவன் திமிலைக் கட்டிக்கொண்டான். அவள் கயிற்றைப் பிடித்து முன்னால் நடந்தாள். மேற்கே மலையின் தலையில் மேகம் இறங்கியிருந்தது. காற்று அங்கிருந்துதான் வந்தது. ஆனால் வறண்டு வந்தது.

வழியில் அவன் ஒரே ஒரு தடவை பேசினான். "கேட்டா என்னன்னு சொல்லணும்?"

"நான் விடல, காடு என்னுது. அம்புட்டுத்தான்."

"நான் விடல, காடு என்னுது" என்று மாட்டின் கழுத்துக்குள் சொல்லிப் பார்த்தான்.

ஆற்றங்கரைப் புளியந்தோப்பில் கூடாரம் அடித்திருந்தார்கள். மேசை, நாற்காலி. அதிகாரி தலைப்பாகையைக் கழற்றி மேசைமேல் வைத்திருந்தார். ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள். ஒவ்வோர் ஊரின் கணக்கப்பிள்ளையும் கட்டைப் பிரித்து வாசிக்க, குமாஸ்தா எழுதினார். ஒச்சாண்டி கூட்டத்தில் நின்றார். இவர்களைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பொன்னாத்தாள் ஒருவரிடம் கேட்டாள். அவர்கள் ஊர் ஒன்பதாவது. இப்போது நடப்பது நான்காவது.

சுருளிவேலை மரத்தடியில் உட்காரவைத்து, கயிற்றை அவன் கையில் கொடுத்தாள். மரத்தின் நிழல் மேற்கே நீளமாகக் கிடந்தது. அதன் விளிம்பில் ஒரு கல்லை வைத்தாள்.

ஐந்தாவது ஊரில் ஏதோ சண்டை. இரண்டு அண்ணன் தம்பிகள் ஒரு வேப்பமரத்துக்காக அதிகாரி முன்னாலேயே கத்தினார்கள். நிழல் கல்லிலிருந்து ஒரு முழம் உள்ளே போனது. ஆறாவது ஊர்க் கணக்கப்பிள்ளை ஒரு காகிதத்தை மறந்து வந்து, ஆள் அனுப்பித் தேடினார்கள். நிழல் இன்னும் இரண்டு முழம் போனது. அவள் புருஷன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடில்லை. நகத்தைப் பார்த்தாள். அவனுக்குக் குளிர் வருமுன் நகம் நீலமாகும். இன்னும் ஆகவில்லை.

ஏழாவது ஊர் நடக்கும்போது வண்டி ஒன்று வந்து நின்றது. முத்துக்கருப்பன் இறங்கினார். கையில் ஒரு செம்பு.

"ஏலே சுருளி! ஒன்னய யாருடா இங்கன இழுத்துக்கிட்டு வந்தது?" செம்பை நீட்டினார். "மோரு. குடி."

சுருளிவேல் எழப் பார்த்தான். அவர் தோளை அழுத்தி உட்காரவைத்தார். பொன்னாத்தாள் பக்கம் திரும்பினார்.

"புருசனக் கொல்லவா கூட்டியாந்த? கணக்கப்பிள்ள பாத்துக்கிட மாட்டாரா? வண்டி சும்மாதான் நிக்குது. மெத்தையில படுத்துக்கிட்டு வீட்டுக்குப் போகட்டும்."

"மோரு போதுங்கய்யா."

"வண்டி வேணாமா?"

"பேரக் கூப்புட்டப்புறம் ஏறிக்கிர்றோம்."

அவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. "கூப்புட்டப்புறம் வண்டி நிக்குமான்னு தெரியாதே ஆத்தா." பிறகு சுருளிவேலிடம் குனிந்து, தணிந்த குரலில் சொன்னார்: "மழ வாற மாதிரி இருக்குடா. விதைப்புக்கு ஒனக்கு என் மாடு வேணும். எனக்கு ஒன் கை வேணும். நம்மளுக்குள்ள என்னத்துக்கு?"

சுருளிவேல் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான். அந்தப் பார்வை அவளுக்குப் பிடிக்கவில்லை. அது பாதி வண்டியில் ஏறிவிட்ட பார்வை.

"ஐயா, நாங்க விட்டா எங்க காட்ட ஆரு வாங்குவா?" என்று அவரிடமே கேட்டாள்.

"நீங்கதான். வேற ஆரு?"

"அப்ப நீங்க எதுக்கு எங்க பாக்கியக் கட்டுறீக?"

முத்துக்கருப்பன் நிமிர்ந்தார். செம்பை வாங்கிக்கொண்டார். அதில் மோர் பாதி இருந்தது. வண்டிக்காரனைக் கூப்பிட்டு, மாட்டை அவிழ்த்து அங்கிட்டுக் கட்டச் சொல்லிவிட்டுக் கூடாரத்துப் பக்கம் நடந்தார்.

எட்டாவது ஊர் முடிந்தது. நிழல் மரத்தடிக்கே வந்துவிட்டது. சுருளிவேலின் நகம் நீலமாகியிருந்தது.

"வருதுடி" என்றான்.

"பல்லக் கடிச்சுக்கிட்டு இருங்க. அடுத்தது நம்ம ஊருதான்."

ஒன்பதாவது ஊரைக் கூப்பிட்டார்கள். கணக்கப்பிள்ளை சிவப்புத் துணியைப் பிரித்தார். முதலில் மற்ற ஐந்து பேரின் ராஜினாமா. ஒவ்வொன்றுக்கும் பெயர், தகப்பன் பெயர், நிலத்தின் நம்பர். ஐந்து பேரில் ஒருவரும் வரவில்லை. எப்போதும் வருவதில்லை. கீறலே பேசியது. அதிகாரி ஐந்து கையெழுத்துப் போட்டார்.

"சுருளிவேல். தகப்பன் பெயர் சீனிச்சாமி."

பொன்னாத்தாள் அவனைத் தூக்கி நிறுத்தினாள். அவன் ஒரு கையில் மாட்டுக் கயிற்றைச் சுற்றிக்கொண்டு அதன் பலத்தில் நடந்தான். மாடும் கூடவே வந்தது. சேவகன் விரட்டப் பார்த்தான். அதிகாரி கையசைத்தார்.

"ராஜினாமா உன் சம்மதத்தோடு கொடுத்ததுதானா?"

"இல்லீங்க. நான் விடல. காடு என்னுது."

தெளிவாகத்தான் சொன்னான். குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார். கணக்கப்பிள்ளை அசையவில்லை.

"அப்படியானால் பாக்கி நிற்கிறதே. எப்போது கட்டுவாய்?"

"வெளஞ்சதும் கட்டிர்றேனுங்க."

பின்னால் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

"ஜப்தி செய்ய இவனிடம் என்ன இருக்கிறது?" என்று அதிகாரி கணக்கப்பிள்ளையைக் கேட்டார்.

"ஒரு காளை இருக்குங்க. தேடிப் போக வேண்டியதில்லை. கொண்டுவந்தே நிறுத்தியிருக்கான்."

பொன்னாத்தாள் முன்னால் வந்தாள். "அது உழவு மாடுங்க. உழவு மாட்டத் தொடக் கூடாதுன்னு சட்டம்."

அதிகாரி அவளைப் பார்த்தார். "வாஸ்தவம்" என்றார்.

அவளுக்கு மூச்சு வந்தது. கூட்டத்தில் ஒச்சாண்டியைத் தேடினாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சோடி எங்கேன்னு கேளுங்க" என்றார் கணக்கப்பிள்ளை.

"சோடி எங்கே?"

"செத்துப்போச்சுங்க."

"சோடி இருந்தால்தான் ஏர்" என்று கணக்கப்பிள்ளை பொறுமையாக, பாடம் ஒப்பிக்கிறவர் போலச் சொன்னார். "ஒத்தை மாடு எந்த ஏரை இழுக்கும்? சித்திரையில் இவன் உழுததெல்லாம் பெரிய வீட்டு மாட்டைச் சேர்த்துக்கொண்டுதான். சோடி மாடு உழவு மாடு. ஒத்தை மாடு வெறும் மாடு."

அதிகாரி பேனாவால் மேசையை இரண்டு தடவை தட்டினார். தோப்பில் சத்தம் அடங்கியிருந்தது. மயிலை தலையை ஆட்டி ஈயை விரட்டியது.

"அது சரிதான்" என்றார்.

பிறகு சுருளிவேலிடம், கோபமில்லாமல் சொன்னார்: "இதோ பார். இப்போதும் ராஜினாமாவை ஏற்றுக்கொள்ளலாம். பாக்கியைக் கட்ட ஒருவர் இருக்கிறார். நீ மாட்டை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். இல்லையென்றால் நிலம் உன்னுடையது, மாடு ஏலத்துக்குப் போகும். எது?"

குளிர் அப்போதுதான் முழுதாக வந்தது. முதலில் முழங்கால். பிறகு தோள். பல் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டது. அவன் வாயைத் திறந்தான். சத்தம் வந்தது, சொல் வரவில்லை. தலை ஆடியது. ஆமாம் என்று ஆடியதா, இல்லை என்று ஆடியதா, யாருக்கும் தெரியவில்லை.

"விட்டுர்றேங்கிறான்" என்றார் முத்துக்கருப்பன்.

குமாஸ்தா பேனாவை மையில் தோய்த்தார்.

பொன்னாத்தாள் புருஷனின் முகத்தைப் பார்த்தாள். அவன் கண் அவள்மேல்தான் இருந்தது. அதில் மாடும் இருந்தது, காடும் இருந்தது. எதை எடுப்பது என்று அவளுக்கும் சொல்ல ஆள் இல்லை. அவள் கயிறு சுற்றிய கையைப் பிடித்தாள். விரலைப் பிரிக்க வேண்டியிருக்கும் என்று நினைத்தாள். தொட்டதும் அவை தாமாகத் திறந்தன.

கயிற்றைக் கொண்டுபோய் ஒச்சாண்டியின் கையில் கொடுத்தாள்.

"புடிங்கண்ணே. ஒங்க வேலதான."

ஒச்சாண்டி வாங்கிக்கொண்டார்.

அதிகாரி சிறிது நேரம் பார்த்துவிட்டு எழுதினார். ராஜினாமா தள்ளுபடி. அடுத்த காகிதத்தைக் கணக்கப்பிள்ளை வாசித்தார். தர்க்காஸ்து. ஐந்து நம்பர்கள். ஐந்துக்கும் ஒரே பெயர், முத்துக்கருப்பன். பொன்னாத்தாளுக்கு நம்பர் தெரியாது. காடு தெரியும். ஒவ்வொன்றாக மனசுக்குள் எண்ணினாள். ஐந்தும் முடிந்து, ஆறாவதாக எழுதிவைத்திருந்ததைக் கணக்கப்பிள்ளை வாசிக்காமல் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மாட்டை அங்கேயே ஏலம் போட்டார்கள். வறட்சியில் யாரும் கேட்கவில்லை. முத்துக்கருப்பன் ஒரு விலை கேட்டார். அதோடு முடிந்தது. அது பாக்கிக்குச் சரியாகப் போயிற்று.

திரும்பும்போது ஒரு மைலுக்கு ஒரு தடவை அவனைக் கீழே இறக்கினாள். நடுக்கம் நின்று சூடு ஏறியிருந்தது. முதுகில் சாய்த்து, அவன் இரண்டு கையையும் தன் தோளுக்கு மேலாக இழுத்துப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவன் கால் தரையில் இழுபட்டது. பாதி வழியில் பெரிய வீட்டு வண்டி அவர்களைத் தாண்டியது. பின்னால் மயிலையைக் கட்டியிருந்தது. அவர்களைக் கண்டதும் அது நின்றது. கயிறு விறைத்தது. வண்டிக்காரன் உள்ளேயிருந்து அதட்டினான். அது தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே போயிற்று.

ஊருக்கு முன்னால் ஓடைக்காடு வரும். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அவளால் அதற்குமேல் முடியவில்லை. கீழ்வரப்பில் அவனைக் கிடத்தினாள். அவனுக்கு வேர்வை கொட்டத் தொடங்கியது. முந்தானையால் துடைத்தாள்.

பக்கத்து ஐந்து காடுகளிலும் மும்மூன்று கல் அப்படியே நின்றது. அவற்றை அடுக்கியவர்கள் இந்நேரம் வீட்டில் மழைக்கு மேகம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். போய்ச் சொல்ல வேண்டும். இன்று இல்லை. இன்று அவளுக்கு வாய் வராது.

"மாடு?" என்றான் சுருளிவேல், கண்ணைத் திறக்காமல்.

"போச்சு."

"காடு?"

"காட்டுலதான் படுத்திருக்கீக."

அவன் பக்கவாட்டில் கையை நீட்டி மண்ணைத் தொட்டுப் பார்த்தான். கட்டி ஒன்று கையில் வந்தது. நசுக்கினான். அது நசுங்கவில்லை.

"எத வச்சு உழுகுறது?"

"மம்பட்டி இருக்கு."

"ரெண்டு குறுக்கத்தையா?"

"முடிஞ்ச மட்டும். நான் கொத்துறேன்."

காற்று நின்று, மறுபடியும் வந்தது. மலைத்தலையில் மேகம் கறுத்திருந்தது. பெய்தால் இங்கே பெய்யாது, அந்தப் பக்கம்தான் பெய்யும். அந்த ஆற்றில்தான் ஓடும்.

"ஆனியில மலமேல அணக்கட்டுக்கு ஆளெடுப்பாக" என்றான். "போகணும். வேற வழியில்ல."

"போங்க."

"மறுபடியும் காய்ச்சல் வரும்."

"இங்கன மட்டும் இல்லையா?"

அவன் கண்ணைத் திறந்தான். மேல்வரப்பில் முளைகளின் வெள்ளைத் தலை மட்டும் தெரிந்தது. அவற்றை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே கிடந்தான்.

அவள் எழுந்து சேலையை இழுத்துச் செருகினாள். அவனைத் தூக்கக் குனிந்தாள்.

"போனா, இந்தத் தடவ கல்ல ஒழுங்கா வைங்க" என்றாள்.